மறதிநோயும் தோழமையும்

முன்னுரை

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் துன்பத்தை உணராதவரைக் குத்திக்காட்டவே பெரும்பாலும் இதனைச் சொல்கிறோம். ஆனால் இப்பழமொழிக்குள் இன்னொரு பொருளும் அடங்கியுள்ளது. தலைவலி தனக்கு வந்தவருக்கு, தலைவலி வந்த இன்னொருவரை நன்றாகத் தெரியும். மருத்துவரும் மனைவி மக்களும் அறிய முடியாத ஒன்றை அவர் அறிவார். அந்த அறிவைக்கொண்டு, நோயுற்ற ஒருவர் நோயுற்ற மற்றொருவருக்குத் துணை நிற்பதைத் தோழமைத் துணை எனலாம்.

மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தமக்குள் ஒரு சங்கம் தொடங்கியது இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். புற்றுநோய், நீரிழிவு முதலிய நோய்களை உடையவர்களும் இவ்வழியைப் பின்பற்றி வந்துள்ளனர். ஆனால் மறதிநோய் கண்டவர்களால் இஃது இயலுமா? தம் நினைவே தவறுகிறவர் பிறருக்கு எவ்வாறு துணையாவார்? இவ்வையம் எழுவது இயல்பே. அறுபத்தைந்து வயதை எட்டுமுன்பே இந்நோய்க்கு ஆளான சிலர், இணையத்தின் வழியே ஒருவரையொருவர் கண்டு, இவ்வையத்திற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்திருக்கின்றனர். அவ்விடை யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயரில் உள்ள பிழை

ஆங்கிலத்தில் டிமென்ஷியா எனப்படுவதைத் தமிழில் ‘முதுமை மறதி’ என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. இப்பெயரில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, இந்நோய் முதியவர்களுக்கு மட்டுமே வருவதன்று. இரண்டாவது, எல்லோருக்கும் மறதியாகவே இது தொடங்குவதும் இல்லை. மூளையின் முன்பகுதி தாக்கப்படும்போது முதலில் குணமும் நடத்தையும் மாறுகின்றன. சிலருக்குப் பேச்சு தடைப்படுகிறது. பின்பகுதி தாக்கப்படும்போது கண் நலமாக இருந்தும், காண்பதை மூளையால் இன்னதென்று அறிய முடிவதில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் டெரி பிராட்செட்டுக்கு 2007ஆம் ஆண்டில், 59ஆம் வயதில் கண்டறியப்பட்டது இவ்வகையே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். இவர்களுள் 65 வயதுக்கு முன்பே நோய் தொடங்கியவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் வரை இருக்கலாம் என அந்நிறுவனம் கூறுகிறது. 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வாளர்களின் மதிப்பீடு, 30 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் ஓர் இலட்சத்திற்கு 119 பேர் என்றும், உலகளவில் 39 இலட்சம் பேர் என்றும் தெரிவிக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பேனாவை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், ‘அரணை புத்தி’ என்று நண்பர்கள் கேலி செய்வதும் நோயல்ல. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு முதலியவற்றாலும் நினைவு மங்கலாம். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆதலின் தாமே அஞ்சித் தாமே முடிவு கட்டாமல், உரிய சோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

முதல் நோயாளி

அல்சைமர் நோய் என்ற பெயரைக் கேட்டதும் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் நம் மனக்கண்முன் தோன்றுகிறார். ஆனால் அந்நோயின் வரலாறோ 51 வயதுப் பெண் ஒருவரிடம் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகுஸ்டே டேட்டர் என்பவரே அவர். மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவரிடம் நாள்தோறும் கேள்விகள் கேட்டு, விடைகளை எழுதிவைத்தார். தம் பெயரை எழுதும்படி சொன்னபோது அகுஸ்டேயால் அதனை எழுதி முடிக்க முடியவில்லை. தம்மையே தொலைத்துவிட்டதாக அவர் கூறியதும் அக்குறிப்பில் இருக்கிறது.

1906ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்களிடம் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டில் எமில் கிரெப்லின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அதன்பின் பல்லாண்டுகள் ‘அல்சைமர் நோய்’ என்றாலே முதுமைக்கு முன் வருவது என்றுதான் மருத்துவர்கள் கொண்டனர். முதியோரின் அறிவுமங்கலும் பெரும்பாலும் இதே நோய்தான் என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. அது நல்ல முன்னேற்றமே. எனினும், எண்ணிக்கையில் மிகுந்த முதியோரின் கூட்டத்தில், நோய்க்கு முதலில் பெயர் வாங்கித் தந்த நடுவயதினர் மறைந்துபோயினர்.

அகுஸ்டேயின் கதையில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவரிடம் மருத்துவர் பேசினார். அவரைப் பற்றிக் குறிப்பெழுதினார். ‘எனக்கும் அப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்லக்கூடியவர் ஒருவர்கூட அக்குறிப்பில் இல்லை.

நடுவயதினரின் இடர்கள்

ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இந்நோய் வந்தால் நிலைமை யாதாகும் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் இன்னும் பணியில் இருக்கிறார். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கடன் தீரவில்லை. ஊரில் வயதான பெற்றோர் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கின்றனர். நோயின் முதல் அடையாளங்கள் வீட்டைவிட வேலையிடத்திலேயே முன்னதாக வெளிப்படுவதுண்டு. கணக்கு தவறுகிறது, சொன்ன வேலை நடப்பதில்லை. மேலதிகாரி இதனைச் சோம்பல் என்கிறார். மனைவி அக்கறையின்மை என்கிறார். ஊரார் குடி என்கின்றனர். மருத்துவரும் மனச்சோர்வு என்று எண்ணக்கூடும். நெதர்லாந்தில் 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதெனத் தெரியும் வரை முதியோருக்குச் சராசரியாக 2.8 ஆண்டுகளும் இளையோருக்கு 4.4 ஆண்டுகளும் ஆயின. நோய் என்று தெரியாத அந்த நான்கு ஆண்டுகளில் வேலை போகலாம், குடும்பமும் பிரியலாம்.

பெயர் தெரிந்த பின்னரோ வேறொரு துன்பம். அவருக்குரிய இடம் எங்கும் இல்லை. பகல்நேரக் காப்பகங்கள் எண்பது வயதினருக்காக அமைந்தவை. உடலில் வலுவும் உழைக்கும் விருப்பமும் உள்ள ஒருவரை அங்கே உட்கார வைத்தால் அவர் மனம் என்னாகும்? தம்மைப் போன்ற இன்னொருவரைக் காணலாம் என்றாலோ, ஓர் இலட்சத்தில் நூறு பேர் என்னும் கணக்கில், அடுத்தவர் அடுத்த தெருவில் இருக்க மாட்டார்; அடுத்த ஊரிலும் இல்லாமற்போகலாம். நோயின் அருகிய வகையாயின் நாட்டின் மறுகோடியில்தான் அவர் இருப்பார்.

கிறிஸ்டீனும் கடிதத் தோழர்களும்

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டீன் பிரைடன் அந்நாட்டுப் பிரதமரின் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். மூன்று பெண்களின் தாய். 1995ஆம் ஆண்டில், 46ஆம் வயதில், அவருக்கு டிமென்ஷியா எனக் கண்டறியப்பட்டது. பணியிலிருந்து ஓய்வு பெற்றார். இன்னும் சில ஆண்டுகளே என்ற நிலையில் 1998ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். நோய் கண்ட ஒருவர் உள்ளிருந்து எழுதிய தொடக்ககால நூல்களுள் அதுவும் ஒன்று.

ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவில் மோரிஸ் ஃப்ரீடெல் என்ற சமூகவியல் பேராசிரியரும் நோய் கண்டு ஓய்வு பெற்றிருந்தார். இவர்களும் வேறு சிலரும் மின்னஞ்சல் வழியே தொடர்பு கொண்டனர். 2000ஆம் ஆண்டில் தோன்றிய ‘டாஸ்னி’ என்ற பன்னாட்டு அமைப்பு இவ்வாறு பிறந்ததே. டிமென்ஷியா உள்ளவர்கள் தாமே நடத்திய முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே கடல் கடந்து வளர்ந்த நட்பு அவர்களுடையது.

2001ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல்சைமர் சங்கங்களின் உலக மாநாடு நடந்தது. அதில் கிறிஸ்டீன் உரையாற்றினார். அதுவரை அத்தகைய மாநாடுகளில் மருத்துவர்களும் பராமரிப்போருமே பெரும்பாலும் பேசிவந்தனர். 2003ஆம் ஆண்டில் அவ்வுலக அமைப்பின் ஆட்சிக்குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோய் கண்டவர்களுள் அப்பொறுப்பை ஏற்ற முதல்வர் அவரே. நோய் தெரிந்து 23 ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டிலும் அவர் நூல் வெளியிட்டார். எல்லோருக்கும் நோய் இத்துணை மெதுவாக நடப்பதில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

பல்கலைக்கழகம் செய்த உதவி

கல்லூரியில் பயிலும் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது கேட் ஸ்வாஃபரின் வரலாறு. இவரும் ஆஸ்திரேலியரே. செவிலியராகவும் சமையற்கலைஞராகவும் பணியாற்றியவர். நடுவயதில் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் பயின்றுகொண்டிருந்தபோது, 2008ஆம் ஆண்டில், 49ஆம் வயதில் நோய் கண்டறியப்பட்டது. வேலையை விட்டுவிடுங்கள், படிப்பை விட்டுவிடுங்கள், மிஞ்சியுள்ள காலத்தை வீட்டில் கழியுங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. இவ்வறிவுரையை ‘மருத்துவச் சீட்டில் எழுதித்தரும் ஒதுங்கல்’ என்னும் பொருள்படப் பின்னாளில் அவர் பெயரிட்டு அழைத்தார்.

பல்கலைக்கழகமோ வேறு விதமாக நடந்தது. பார்வை குறைந்த மாணவருக்கும் கால் ஊனமுற்ற மாணவருக்கும் உதவும் பிரிவே அவருக்கும் உதவியது. அறிவு மங்குவதும் ஒரு மாற்றுத்திறன் நிலையே. அதற்கேற்ற வசதிகளைச் செய்து தந்தால் படிப்பைத் தொடரலாம் என்ற கருத்தை அவர் அங்கேதான் பெற்றார். படிப்பை முடித்ததோடு, 2014ஆம் ஆண்டில் வுல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் டிமென்ஷியா பராமரிப்பில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ‘படித்தது போதும், வீட்டுக்குப் போ’ என்ற சொல்லுக்கும், ‘எந்த உதவி செய்தால் நீ படிக்க முடியும்?’ என்ற கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2014ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த எட்டுப் பேர் ‘டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். கேட் ஸ்வாஃபர் அவர்களுள் ஒருவர். நோய் கண்டவர் மட்டுமே இதில் உறுப்பினராகலாம் என்பது விதி. டாஸ்னியின் காலத்தில் மின்னஞ்சலாக இருந்தது, இப்போது கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசும் கூட்டமாயிற்று. கூட்டத்தை நடத்துபவரும் நோய் கண்ட ஒருவரே. 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய அமைச்சர்கள் மாநாட்டில், மனித உரிமையின் அடிப்படையில் தம்மை நடத்த வேண்டும் என்று கேட் வாதாடினார். தோழமையாகத் தொடங்கியது உரிமைக் குரலாக வளர்ந்தது.

செண்டாய் நகர விற்பனையாளர்

தோழமைத் துணை செய்யும் வேலை என்ன என்பதை ஜப்பானியர் ஒருவரின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. செண்டாய் நகரில் கார் விற்பனையாளராக இருந்தவர் தன்னோ தொமோஃபுமி. 2013ஆம் ஆண்டில், 39ஆம் வயதில் அவருக்கு அல்சைமர் நோய் எனத் தெரிந்தது. இணையத்தில் தேடியபோது அவர் கண்டதெல்லாம், இளவயதில் வந்தால் நோய் விரைந்து முற்றும், சில ஆண்டுகளில் படுக்கைதான் என்னும் செய்திகளே. இரவில் அழுதார். செய்தி கிடைத்தது, ஆனால் வாழும் வழி கிடைக்கவில்லை.

பின்னர், தமக்கு முன்பே நோய் கண்ட ஒருவரை அவர் சந்தித்தார். அம்மனிதர் சிரித்த முகத்தோடு இருந்தார்; மற்றவர்களுக்கு உதவிக்கொண்டும் இருந்தார். தன்னோவை மாற்றியது அந்தச் சந்திப்பே. விற்பனையை விட்டு, அதே நிறுவனத்தில் அலுவலகப் பணிக்கு மாறி வேலையைத் தொடர்ந்தார். 2015ஆம் ஆண்டில், புதிதாக நோய் கண்டவர்கள் வந்து நோய் கண்டவர்களிடமே பேசுவதற்கென்று ‘ஆரஞ்சுக் கதவு’ என்ற பெயரில் மாதந்தோறும் ஒரு சந்திப்பைத் தொடங்கினார்.

மருத்துவர் ‘நீங்கள் வாழலாம்’ என்று ஆயிரம் முறை சொல்லலாம். நோயோடு வாழ்கிற ஒருவர் எதிரே வந்து அமர்ந்துவிட்டால் அச்சொல்லுக்கே தேவையில்லை.

ஜப்பான் இன்னொரு பாடமும் தருகிறது. முன்பு அங்கே இந்நோய்க்கு வழங்கிய ‘சிஹோ’ என்ற சொல் மந்தபுத்தி என்னும் இழிபொருள் உடையது. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் கியோட்டோ நகரில் நடந்த உலக மாநாட்டில், நோய் கண்ட 57 வயது ஜப்பானியர் ஒருவர் தம் பெயரைச் சொல்லி மேடையேறிப் பேசினார். அதே ஆண்டு டிசம்பரில் அரசு அச்சொல்லை நீக்கி, அறிதலைப் பற்றிய நோய் என்னும் பொருளில் ‘நின்சிஷோ’ என்ற சொல்லை ஏற்றது. ‘முதுமை மறதி’ என்ற நம் சொல்லைப் பற்றித் தமிழ்த்துறையினர் சிந்திக்க இது தக்க முன்மாதிரி.

இணையம் ஏன் ஏற்றது?

நேரில் கூடுவதே சிறந்ததன்றோ என்று கேட்கலாம். இயலுமிடத்தில் அதுவே சிறந்தது. ஆனால் இந்நோயில் இணையத்திற்குச் சில தனிநன்மைகள் உண்டு.

முதலாவது, தொலைவு மறைகிறது. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டவரும், பேருந்தில் வழி தவறுமோ என்று அஞ்சுபவரும் தம் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே தோழரைக் காணலாம்.

இரண்டாவது, நேரம் கிடைக்கிறது. நேர்ப்பேச்சில் சொல் தேடி நிற்பவரின் வாக்கியத்தை அருகில் இருப்பவர் முடித்து வைத்துவிடுகிறார். எழுத்திலோ அவர் அரை மணி நேரம் தேடினாலும் இடையில் புகுவார் யாருமில்லை. 2014ஆம் ஆண்டில், 58ஆம் வயதில் நோய் கண்ட இங்கிலாந்துப் பெண்மணி வெண்டி மிட்செல், பேசுவதைவிடத் தட்டச்சு செய்வதே தமக்கு எளிது என்று கூறிவந்தார். 2024இல் மறையும் வரை அவர் நூல்கள் வாயிலாகத் தம் நிலையை உலகுக்கு விளக்கினார். இதற்கு மாறாக, டெரி பிராட்செட்டைப் போன்று எழுத்தும் விசைப்பலகையும் முதலில் கைநழுவியவர்களுக்குத் திரையில் பேசும் கூட்டம் பொருந்துகிறது.

மூன்றாவது, பேசப்படும் பொருள். பிள்ளைகளிடம் எப்போது சொல்வது? முதலாளியிடம் சொல்லலாமா? வண்டி ஓட்டுவதை யார் சொல்லி நிறுத்துவது? அலமாரிக் கதவில் உள்ளிருக்கும் பொருளின் படத்தை ஒட்டலாமா, கதவையே கழற்றிவிடலாமா? மாத்திரை நேரத்திற்குத் தொலைபேசியில் மணி வைப்பது எப்படி? இவை மருத்துவ நூல்களில் விரிவாகக் கிடைக்கும் செய்திகள் அல்ல. நேற்று இடறியவர் இன்று இடறுகிறவருக்குச் சொல்பவை. கேட்டதையே மீண்டும் கேட்டாலும் அங்கே யாரும் பெருமூச்சு விடுவதில்லை. ஏனெனில் எல்லோரும் அதனைச் செய்பவர்களே.

எல்லைகள்

தோழமைத் துணை மருந்தாகாது. நோய் அதனால் நிற்பதில்லை. 2023, 2024ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய மருந்துகளும் அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் உள்ள சிலருக்கு அதன் வேகத்தைச் சிறிது குறைப்பவையே. நோயைக் குணமாக்குபவை அல்ல.

இத்தகைய கூட்டத்தில் துயரமும் உண்டு. சென்ற ஆண்டு கூட்டத்தை நடத்தியவர் இவ்வாண்டு சொல்லிழந்து அமர்ந்திருக்கலாம். ஒருநாள் அவர் திரையில் தோன்றாமலே போகலாம். தமக்கு வரவிருப்பதைத் தோழரிடம் காண்பது எளிதன்று. நோய் முற்றியவர்களால் கருவியைக் கையாள இயலாது. தவறான மருத்துவச் செய்தி பரவவும், ஏமாற்றுவோர் நுழையவும் இடமுண்டு. ஆகவே உறுப்பினரைச் சரிபார்த்தல், மந்தணம் காத்தல், மருத்துவரின் ஆலோசனையைக் கைவிடாதிருத்தல் ஆகியவை இன்றியமையாதன.

நம்மவரைப் பொறுத்தவரை மேலும் ஓர் எல்லை உண்டு; அது மொழி. மேற்கூறிய பன்னாட்டு அமைப்புகள் ஆங்கிலத்தை நடுவாகக் கொண்டு வளர்ந்தவை. தாய்மொழியிலேயே சொல் தேடித் தவிக்கும் ஒருவரை ஆங்கிலக் கூட்டத்தில் அமர்த்தினால் அவர் இரட்டைத் தனிமைக்கு ஆளாவார். இந்தியாவில் 1992ஆம் ஆண்டில் கேரளத்தில் தொடங்கப்பட்ட அல்சைமர் சங்கம் குடும்பங்களுக்கு நற்பணி ஆற்றி வந்துள்ளது. நோய் கண்டவர் தமிழில் தம் போன்றவரோடு பேச இடம் அமைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.

முடிவுரை

அகுஸ்டே டேட்டர் தம்மைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னபோது அதனைப் புரிந்துகொள்ளத்தக்க தோழர் எவரும் அருகில் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, அதே நோய் கண்டவர்கள் உலகின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொண்டனர். இழந்த நினைவு திரும்பவில்லை. ஆனால் ‘நான் மட்டுமா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை, நானும்தான்’ என்ற விடை கிடைத்தது. நினைவு தவறுகிறவர் பிறருக்குத் துணையாவது எப்படி என்று தொடக்கத்தில் கேட்டோம். துணை என்பது நினைவாற்றலைப் பொறுத்ததன்று. பட்டறிவைப் பொறுத்தது என்பதே அவர்கள் தந்த விடை.

மாணவ நண்பர்களே! நம் தந்தையோ ஆசிரியரோ ஐம்பது வயதில் அடிக்கடி தடுமாறினால் சிரிக்காமலும் கடியாமலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நோய் என்று தெரிந்தால் அவரை மூலையில் அமர்த்தாமல், அவரால் இன்னும் இயலும் வேலையை அவரிடமே விடுவோம். கணினியும் கைப்பேசியும் நம் தலைமுறைக்குக் கைவந்த கலை. அவற்றை இயக்கிக் கொடுத்து, அவரைப் போன்ற ஒருவரோடு பேச வழி செய்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாம் வெளியே வந்து நிற்போம். அவர்கள் பேசட்டும்.